நம் டவுன்ஷிப்பில் மானிய வீடுகள் வந்தால் என்ன ஆகும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் நடுப்பகுதியில், நல்ல பள்ளிகளுக்குப் பெயர் பெற்ற டவுன்ஷிப் (தனக்கென ஊர் நிர்வாகம் கொண்ட ஊர்) ஒன்றில் சொந்த வீட்டில் வாழும் தமிழ் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியுள்ள காலி நிலத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மானிய வாடகை வீடுகள் வரவிருக்கின்றன. அதை எதிர்த்துத் தெருவில் ஒரு மனு சுற்றுக்கு வந்திருக்கிறது. வீட்டின் மதிப்பு சரியுமா, குற்றங்கள் பெருகுமா, பள்ளியின் தரம் குறையுமா, நிலம் மலிவாகக் கிடைக்கும் வேறு ஊரில் இவற்றைக் கட்டினால் என்ன, மனுவில் கையெழுத்துப் போடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

இத்தகைய வீடுகள் முறையாகக் கட்டப்பட்டு, பொறுப்பானவர்களால் நிர்வகிக்கப்பட்ட ஊர்களில் இந்த மூன்று அச்சங்களும் பெரும்பாலும் மெய்ப்படவில்லை. வீட்டு விலையைப் பொறுத்தவரை மட்டும் ஒரு சிறிய விதிவிலக்கு உண்டு. அதை மறைக்காமல் கீழே சொல்கிறேன். ஆனால் மனுவை எழுதியவர்கள் இந்தத் திட்டத்தை மாநில அரசின் திடீர்த் திணிப்பு என்று விவரிப்பதாக நீங்கள் குறிப்பிட்டிருப்பதால், இது எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குவதே சரி. இதன் பின்னால் அரை நூற்றாண்டைத் தாண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய திட்டத்தை எடைபோட முடியாது.

ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் கேம்டனிலிருந்தும் சிறிது தூரத்தில், பர்லிங்டன் கவுண்டியில் மவுண்ட் லாரல் என்ற டவுன்ஷிப் இருக்கிறது. 1950இல் அங்கே 2,817 பேர் வாழ்ந்தார்கள். ஊர் முழுக்க வயல்களும் பழத்தோட்டங்களுமாக இருந்தது. நெடுஞ்சாலைகள் வந்த பிறகு புறநகர் வீடுகள் முளைத்து, 1970இல் மக்கள்தொகை 11,221 ஆனது. அப்போதும் 22 சதுர மைல் பரப்பில் ஏறத்தாழ 65 விழுக்காடு நிலம் காலியாகவோ விளைநிலமாகவோதான் கிடந்தது. அந்த ஊரில் பல தலைமுறைகளாகப் பண்ணை வேலை செய்துவந்த கறுப்பினக் குடும்பங்கள் இருந்தன. அவர்களில் சிலர் பழைய கோழிப் பண்ணைக் கொட்டகைகளை வீடாக மாற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள். டவுன்ஷிப் அந்தக் கொட்டகைகளை வசிக்கத் தகுதியற்றவை என்று அறிவித்து மூடத் தொடங்கியது. அவற்றில் வசித்தவர்களுக்கு மாற்று வீட்டுக்கு வழி எதுவும் செய்யவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில் வாடகைக்குக்கூட இடம் கிடைக்காமல் இளம் தம்பதிகள் கேம்டனின் சேரிப் பகுதிகளுக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று.

அந்தக் குடும்பங்கள் தாங்களே ஒரு குழுவாகக் கூடி, 36 அடுக்ககங்கள் கட்ட அனுமதி கேட்டன. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் சோனிங் விதி தனித்தனி வீடுகளை மட்டுமே அனுமதிப்பதைக் காட்டி டவுன்ஷிப் மறுத்துவிட்டது. 1970இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பின மக்களின் தேவாலயத்துக்கு வந்த மேயர், இந்த ஊரில் வாழ வசதி இல்லாதவர்கள் வெளியேறத்தான் வேண்டும் என்ற பொருள்பட நேரிலேயே சொன்னார். அந்தக் கூட்டத்தில் எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணி இருந்தார். அவர் குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாகப் பணியாற்றியவர். அவருடைய குடும்பம் ஆறு தலைமுறைகளாக அந்த வட்டாரத்தில் வாழ்ந்தது. அவரும் அவர் சார்ந்த அமைப்புகளும் கேம்டனின் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்களுடன் சேர்ந்து 1971இல் தொடுத்த வழக்குதான் இன்று உங்கள் வீட்டின் அருகே வந்து நிற்கிறது.

அந்த வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975இல் வழங்கிய தீர்ப்பை நான் பலருக்கும் வாசிக்கப் பரிந்துரைப்பேன். அதில் பதிவாகியிருக்கும் சோனிங் விவரங்கள் எந்த அறிக்கையையும்விட அதிகம் சொல்கின்றன. டவுன்ஷிப் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கியிருந்தது. அதில் உண்மையில் பயன்பட்டது 100 ஏக்கர் அளவே. அடுக்ககங்கள் அனுமதிக்கப்பட்ட ஒருசில பெருந்திட்டங்களிலும் பெரும்பாலான வீடுகளில் ஒன்று அல்லது இரண்டு படுக்கையறைகளே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஒரு திட்டத்தின் குத்தகைப் பத்திரத்திலேயே, ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுக் குழந்தை வசிக்கக் கூடாது, இரண்டு படுக்கையறை வீட்டில் அத்தகைய குழந்தைகள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதவைத்தார்கள். சராசரியாக ஒரு வீட்டுக்கு 0.3க்கு மேல் பள்ளிக் குழந்தைகள் சேர்ந்துவிட்டால், கூடுதலான குழந்தைகளின் கல்விச் செலவைக் கட்டுநரே ஏற்க வேண்டும் என்ற உடன்பாடும் இருந்தது.

குழந்தைகளைக் கண்டு ஓர் ஊர் இவ்வளவு அஞ்சுவானேன்? விடை சொத்து வரியில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் பள்ளிச் செலவின் பெரும்பகுதி அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்தே வருகிறது. அலுவலக வளாகமும் கிடங்கும் வரி கட்டும், ஆனால் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாது. பெரிய மனையில் கட்டிய விலையுயர்ந்த வீடு, தன்னில் வாழும் குழந்தைகளுக்கு ஆகும் செலவை வரியாகத் திருப்பித் தந்துவிடும். சிறிய, மலிவான வீட்டில் வாழும் மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பமோ கணக்கேட்டில் நட்டமாகத் தெரியும். ஆகவே ஊர்ப் பொறுப்பாளர்களுக்கு ஏழைகள்மீது தனிப்பட்ட வெறுப்பு ஏதும் இல்லாவிட்டாலும், கணக்குப் பார்க்கிற ஒவ்வோர் ஊரும் அவர்களை அடுத்த ஊருக்குத் தள்ளவே முயலும். எல்லா ஊர்களும் இப்படியே செய்தால் மிஞ்சுவது கேம்டன், நியூவர்க், ட்ரென்டன் போன்ற நகரங்கள்தான். நிறவெறி இதனுடன் கலந்தே இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வரி அமைப்பைப் புரிந்துகொள்ளாமல், மக்களின் மனப்பான்மையை மட்டும் குறை சொல்வது போதாது.

நீதிபதி ஃபிரெடரிக் ஹால் எழுதிய அந்தத் தீர்ப்பின் அடிப்படை எளியது. சோனிங் அதிகாரம் ஊருக்குச் சொந்தமானதன்று. பொது நலனுக்காக மாநிலம் அதை ஊரிடம் ஒப்படைத்திருக்கிறது. பொது நலன் என்பதில் ஊருக்கு வெளியே வாழ்பவர்களின் நலனும் அடக்கம். எனவே வளர்ந்துவரும் ஒவ்வோர் ஊரும் தன் வட்டாரத்தின் மலிவு வீட்டுத் தேவையில் ஒரு நியாயமான பங்குக்கு இடம்கொடுக்க வேண்டும். இந்தக் கொள்கை எனக்கு முழுமையாகச் சரியென்றே படுகிறது. ‘உழைத்து வசதி பெற்றவர்கள் வாங்கட்டும்’ என்ற வாதம், விலையைச் சந்தை மட்டுமே தீர்மானிப்பதாக எண்ணிக்கொள்கிறது. ஓர் ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று சட்டம் போட்டபின், அந்த விலையில் சட்டத்தின் பங்கும் சேர்ந்துவிடுகிறது.

தீர்ப்புக்கு மவுண்ட் லாரல் அடிபணிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 14,000 ஏக்கர் பரப்பில், மூன்று இடங்களில் மொத்தம் 20 ஏக்கரை மலிவு வீடுகளுக்கென ஒதுக்கியது. அவற்றுள் ஒன்று சதுப்பு நிலம். வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனது. 1983இல் தலைமை நீதிபதி ராபர்ட் வைலென்ட்ஸ் வழங்கிய இரண்டாம் தீர்ப்பு கடுமையானது. ஓர் ஊர் தன் கடமையைச் செய்யாவிட்டால், கணிசமான பங்கு வீடுகளை, வழக்கமாக ஐந்தில் ஒரு பங்கை, மலிவு வீடுகளாகத் தர முன்வரும் கட்டுநர் நேரடியாக வழக்குத் தொடுத்து, சோனிங்கையும் மீறிக் கட்டும் உரிமை பெறலாம் என்றது அந்தத் தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் ஊர்கள் விழித்துக்கொண்டன. 1985இல் சட்டமன்றம் இதற்கென ஒரு மாநிலக் குழுவை அமைத்தது. காலப்போக்கில் அந்தக் குழு செயலிழந்ததால் 2015இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பை மீண்டும் நீதிமன்றங்களிடமே கொடுத்தது. 2024 மார்ச்சில் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் அந்தக் குழுவை ஒழித்து, ஊர்களின் பங்கை நிர்ணயிக்கும் சுற்றுகளில் நான்காவதான 2025 முதல் 2035 வரையிலான சுற்றுக்குக் கணக்கிடும் முறையையும் காலக்கெடுவையும் வகுத்தது. உங்கள் டவுன்ஷிப்பின் திட்டம் இந்தச் சுற்றைச் சேர்ந்தது.

இனி உங்கள் அச்சங்களுக்கு வருகிறேன். மவுண்ட் லாரலில் வழக்குத் தொடுத்தவர்கள் கேட்ட வீடுகள் உண்மையிலேயே எழும்ப 2000ஆம் ஆண்டின் இறுதி ஆனது. எத்தல் லாரன்ஸ் 1994இலேயே இறந்துவிட்டார். குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். முதலில் 100 வீடுகள், 2004இல் மேலும் 40 வீடுகள். எல்லாமே குறைந்த, மிதமான வருமானக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டவை. 1997இல் அனுமதிக்கான கூட்டங்கள் நடந்தபோது அரங்கம் நிறைய எதிர்ப்பாளர்கள் கூடினார்கள். நீங்கள் எழுப்பியிருக்கும் அதே மூன்று கேள்விகளை அவர்களும் எழுப்பினார்கள். குடியிருப்பு வந்து சில ஆண்டுகள் கழித்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவருடைய குழுவினரும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மவுண்ட் லாரலின் குற்ற எண்ணிக்கை, வீட்டு விலை, சொத்து வரி ஆகியவை 2000க்கு முன்னும் பின்னும் எப்படி நகர்ந்தன என்பதை அதைப் போன்ற அண்டை ஊர்களுடன் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் இந்தக் குடியிருப்பால் விளைந்த மாற்றம் எதையும் அவர்களால் காண முடியவில்லை. குடியிருப்பை ஒட்டியுள்ள தெருக்களின் வீட்டு விலையைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான். அக்கம்பக்கத்தாரைக் கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அங்கே மானிய வீடுகள் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

இதற்குக் காரணம் கட்டட அமைப்பிலும் நிர்வாகத்திலும் இருக்கிறது. சிகாகோவில் ராபர்ட் டெய்லர் குடியிருப்பு என்று 28 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி, வரிசையாக நின்றன. 4,000க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களை ஒரே இடத்தில் குவித்து, பராமரிப்புக்குப் பணம் தராமல் கைவிட்டார்கள். 2007க்குள் அவை முழுவதும் இடிக்கப்பட்டன. அரசு வீடு என்றதும் பலரின் மனத்தில் எழுவது அந்தப் படம்தான். எத்தல் லாரன்ஸ் குடியிருப்பு அதற்கு நேர்மாறானது. இரண்டு மாடிக்கு மேல் எதுவும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல். வெளித்தோற்றம் பக்கத்துத் தெருக்களின் டவுன்ஹவுஸ் போலவே இருக்கும். கட்டியது ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. கட்டிய பிறகு விற்றுவிட்டுப் போகாமல் தானே நிர்வகிக்கிறது. குழந்தைகள் பள்ளி முடிந்து வந்து பாடம் படிக்க ஒரு மையமும் உள்ளே இருக்கிறது. குடிவருபவரின் வருமானச் சான்றும் முந்தைய வாடகை வரலாறும் சரிபார்க்கப்படுகின்றன.

நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் நகரத்தின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அங்கே மானிய வீடுகள் ஏறத்தாழ அனைத்தையும் நகரத்தின் தென்மேற்கு மூலையிலேயே குவித்திருந்தார்கள். இது திட்டமிட்ட இனப் பிரிவினை என்று 1985இல் கூட்டாட்சி நீதிபதி லியனார்ட் சாண்ட் தீர்ப்பளித்து, 1986இல் வெள்ளையர்கள் வாழும் கிழக்குப் பகுதியில் 200 வீடுகள் கட்ட உத்தரவிட்டார். நகர மன்றம் மறுத்தது. 1988இல் முதல் நாள் 100 டாலரில் தொடங்கி நாள்தோறும் இரட்டிப்பாகும் அபராதத்தை அவர் விதித்தார். நகரம் திவாலாகி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பும் நிலை வந்த பிறகே மன்றம் பணிந்தது. ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞரின் யோசனைப்படி அந்த 200 வீடுகளும் ஏழு இடங்களில் பிரித்து, தனி வாசலும் பின்புறத்தில் தனித் தோட்டமும் கொண்ட சிறு வரிசை வீடுகளாகக் கட்டப்பட்டன. 1992இல் மக்கள் குடியேறினார்கள். இவ்வளவு கொந்தளிப்புக்குப் பின்னும், அக்கம்பக்க வீட்டு விலையில் பொதுவான சரிவு எதையும் பிந்தைய ஆய்வுகள் காணவில்லை.

விதிவிலக்கு என்று சொன்னேன் அல்லவா? கூட்டாட்சி வரிச் சலுகையுடன் 1986 முதல் நாடெங்கும் கட்டப்பட்டுவரும் மலிவு வீடுகளைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ரெபெக்கா டயமண்ட், டிம் மெக்குவேட் இருவரும் பெரிய அளவில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஏழைப் பகுதிகளில் இத்தகைய கட்டடம் வந்தால் 0.1 மைல், அதாவது 160 மீட்டர், தூரத்துக்குள் இருக்கும் வீடுகளின் விலை 6.5 விழுக்காடு கூடுகிறது, குற்றமும் குறைகிறது. வசதியான, பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் பகுதிகளில் அதே தூரத்துக்குள் விலை 2.5 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. இது சராசரி, மவுண்ட் லாரலைப் போலச் சிறிதும் குறையாத இடங்களும் இதில் அடங்கும், அதைவிட அதிகம் குறைந்த இடங்களும் அடங்கும். எனவே உங்கள் வீடு அந்த நிலத்தை ஒட்டியே இருந்தால், ஒரு சிறு இழப்புக்கு வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நான்கு தெரு தள்ளி இருந்தால் கவலைப்பட ஆதாரமில்லை.

பள்ளியைப் பொறுத்தவரை, மாணவர் எண்ணிக்கை கூடுமா என்பதும் தரம் குறையுமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவது நியாயமான கேள்வி. வகுப்பறை போதுமா என்று கல்வி வாரியத்திடம் கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. இரண்டாவதற்கு, எத்தல் லாரன்ஸ் குடியிருப்பின் பிள்ளைகளைப் பற்றி மாஸி குழுவினர் கண்டதைச் சொல்வதே போதும். இடத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த குடும்பங்களுடன் ஒப்பிட்டபோது, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் கடினமான பள்ளிகளில் படித்தார்கள். அவர்கள் மதிப்பெண் அதனால் சரியவில்லை. வீட்டில் படிக்கும் நேரம் கூடியது. பெற்றோரில் வேலைக்குப் போகிறவர்களின் பங்கும் உயர்ந்தது. வன்முறையை நேரில் காணும் அனுபவம் பெருமளவு குறைந்தது.

இந்தக் கடைசிச் செய்திதான் இந்த விவாதத்தின் உள்ளுயிர் என்று நான் கருதுகிறேன். நம் கூட்டங்களில் இழப்பைப் பற்றியே பேசுகிறோம். கிடைப்பது என்ன என்பதை யாரும் பேசுவதில்லை. சிகாகோவில் டோரத்தி கோட்ரோ என்ற அரசுக் குடியிருப்புவாசியின் பெயரில் 1966இல் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. நகர மன்ற உறுப்பினர்கள் தங்கள் வட்டங்களுக்குள் அரசு வீடுகளைத் தடுத்துவிடுவதால், அவை அனைத்தும் கறுப்பினப் பகுதிகளிலேயே கட்டப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 1969இல் மாவட்ட நீதிமன்றமும் 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றன. அதன் விளைவாக 1998 வரை ஏறத்தாழ 7,000 குடும்பங்கள், வாடகையில் ஒரு பகுதியை அரசு செலுத்தும் வவுச்சருடன் சிகாகோவின் புறநகர்களுக்கும் நகரின் மற்றப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்தன. புறநகர் சென்ற பிள்ளைகள் உயர்கல்விக்கும் வேலைக்கும் போவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. ஆனால் முனைப்புள்ள குடும்பங்களே துணிந்து புறநகருக்குப் போயிருக்கலாம் என்ற ஐயம் எஞ்சியது.

அந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் கூட்டாட்சி வீட்டுவசதித் துறை 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வறுமை மிகக் குறைந்த பகுதிகளில் மட்டுமே பயன்படுத்தத்தக்க வவுச்சர். ஒரு குழுவுக்கு எங்கும் பயன்படுத்தத்தக்க வழக்கமான வவுச்சர். மூன்றாம் குழுவுக்குப் புதிதாக ஏதுமில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களின் சம்பளம் உயரவில்லை என்று தெரிந்தது. கடுமையான உடல் பருமனும் நீரிழிவும் குறைந்தன. பெண்களின் மன நலம் மேம்பட்டது. ஆயினும் திட்டம் தோற்றது என்றே பலரும் எழுதினார்கள்.

அவர்கள் எழுதிமுடித்த நேரத்தில் குழந்தைகள் இன்னும் வளர்ந்து முடிக்கவில்லை. ராஜ் செட்டி, நேத்தனியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2015இல் அந்தக் குழந்தைகளின் வரிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்தவர்கள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள்; கல்லூரிக்குப் போனவர்களும் அதிகம். 13 வயதுக்குப் பிறகு பெயர்ந்தவர்களுக்கு ஆதாயமில்லை. நட்பும் பள்ளியும் அறுந்ததால் சற்று இழப்பே தெரிந்தது. நல்ல சுற்றுப்புறத்தில் குழந்தை கழிக்கும் ஆண்டுகளே கணக்கு. நான்கு வயதில் வருகிற பிள்ளைக்குக் கிடைப்பது பதினைந்து வயதில் வருகிற பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

ஆகவேதான் ‘வேறு ஊரில் கட்டினால் என்ன’ என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. நியூ ஜெர்சி அதையும் செய்து பார்த்திருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓர் ஊர் தன் பங்கில் பாதி வரை வேறோர் ஊருக்குப் பணம் கொடுத்துத் தள்ளிவிடலாம். வசதியான புறநகர்கள் பணத்தைக் கொடுத்தன; ஏற்கெனவே நொடிந்திருந்த நகரங்கள் பழைய வீடுகளைப் பழுதுபார்க்க அதை வாங்கிக்கொண்டன. அந்த நகரங்களுக்குப் பணம் தேவைதான். நியூவர்க்கையும் கேம்டனையும் புதுப்பிக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்கு விலையாக அங்குள்ள குழந்தைகள் அங்கேயே இருக்க வேண்டும் என்று வைத்தது தவறு. 2008இல் சட்டமன்றம் அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது.

மனுவில் சொல்லப்படும் போக்குவரத்துக் குறையை மட்டும் நான் பொருட்படுத்தி எடுத்துக்கொள்கிறேன். அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஊர்கள் தம் பங்கை லாப நோக்குள்ள கட்டுநர்கள் மூலமே நிறைவேற்றுகின்றன. அவர் கட்டும் வீடுகளில் 20 விழுக்காடு மலிவு விலைக்கு. எஞ்சிய 80 விழுக்காடு சந்தை விலைக்கு. ஊர் தன் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதால் இது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் 140 மலிவு வீடுகள் வேண்டுமென்றால் இந்த முறையில் 700 வீடுகள் கட்ட வேண்டும். சாலை நெரிசலும் வகுப்பறை நெரிசலும் பெரும்பாலும் அந்த 560 வீடுகளிலிருந்து வருகின்றன. பழி மட்டும் 140 பேர்மீது விழுகிறது. கட்டட அனுமதியை முடிவுசெய்யும் ஊரின் பிளானிங் போர்டு நடத்தி நான் பார்த்த விசாரணைகளில், சுவரில் மாட்டிய வரைபடத்தின் முன் நின்று கார் எண்ணிக்கையைப் பற்றி ஒருவர்பின் ஒருவராகக் குமுறுகிறவர்களில், இந்தப் பிரிப்பைச் செய்து பேசியவர் அரிது. எல்லா வீடுகளையும் மலிவு வீடுகளாகவே கட்டும் லாப நோக்கற்ற அமைப்புக்கு ஊர் நிலம் கொடுத்தால், எத்தல் லாரன்ஸ் குடியிருப்பைப் போல 140 வீடுகளோடு கதை முடிந்துவிடும். அதற்கு வரிச் சலுகை நிதியும் ஊரின் வீட்டுவசதி அறக்கட்டளைப் பணமும் உண்டு. ஊர்ப் பொறுப்பாளர்களிடம் முயற்சி வேண்டும். அந்த முயற்சியைக் கோருவதுதான் நம் வேலை.

யார் வருவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 50 விழுக்காட்டுக்குள் இருப்பவர்கள் குறைந்த வருமானத்தினர்; 50 முதல் 80 விழுக்காடு வரை மிதமான வருமானத்தினர். 13 விழுக்காடு வீடுகளாவது 30 விழுக்காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போக வேண்டும். நடைமுறையில் இவர்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள், முதியோர் இல்லங்களில் நம் பெற்றோரைக் கவனிக்கும் உதவியாளர்கள், மளிகைக் கடைக் காசாளர்கள், குழந்தைகள் காப்பக ஆசிரியைகள். நம் ஊரில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, வாடகை கட்டுப்படியாகாமல் இரவில் வெகுதூரம் வண்டி ஓட்டித் திரும்புகிறவர்கள். நம் சமூகத்திலும், வேலை இழந்தவர்கள், பிரிந்து தனியே பிள்ளை வளர்க்கும் பெண்கள் என்று இந்த வரம்புக்குள் வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

திட்ட ஆவணத்தைப் படிக்கும்போது படுக்கையறைக் கணக்கைப் பாருங்கள். வயது வரம்பு இல்லாத மலிவு வீடுகளில் குறைந்தது 20 விழுக்காடு மூன்று படுக்கையறை கொண்டவையாக இருக்க வேண்டும். ஒற்றைப் படுக்கையறை வீடுகளும் ஸ்டூடியோக்களும் சேர்ந்து 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மாநில விதி. பள்ளிச் செலவுக்கு அஞ்சி, முதியோர் வீடுகளாகவே கட்டித் தப்பிக்க ஊர்கள் விரும்புவதால், அதற்கும் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதியோருக்கும் வீடு வேண்டும். ஆனால் நல்ல பள்ளிகள் உள்ள ஊர், குழந்தைகள் வளரும் வீடுகளைத் தருவதே அதன் தனிப் பங்கு.

மனுவில் நான் கையெழுத்திடமாட்டேன். நீங்களும் இட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அறத்தை ஒருபுறம் வைத்தாலும், அது உங்கள் நோக்கத்துக்கே எதிராக முடியலாம். திட்டம் ஏற்கப்பட்ட ஊருக்கு 2035 வரை கட்டுநர்களின் வழக்குகளிலிருந்து பாதுகாப்பு உண்டு. மக்கள் எதிர்ப்புக்கு அஞ்சி ஊர் மன்றம் திட்டத்தைக் கைவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பிறகு எந்த நிலத்தில் எத்தனை வீடு என்பதை நீதிமன்றத்தில் கட்டுநரின் வழக்கறிஞர் வாதாடிப் பெறுவார். ஐந்துக்கு நான்கு பங்கு சந்தை வீடுகளோடு. அதற்குப் பதிலாக விசாரணைக்குப் போய், கட்டி முடித்தபின் யார் நிர்வகிப்பார்கள், பராமரிப்பு நிதி எவ்வளவு, மலிவு வீடுகள் தனிக் கட்டடத்தில் ஒதுக்கப்படுகின்றனவா அல்லது மற்ற வீடுகளுடன் கலந்திருக்கின்றனவா, பள்ளிப் பேருந்து நிற்கும் இடமும் நடைபாதையும் உண்டா, மூன்று படுக்கையறை வீடுகள் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பதாரர் போர்டின் முன் தரும் உறுதிமொழிகளை அனுமதித் தீர்மானத்திலேயே நிபந்தனைகளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படிச் சேர்த்தவை கட்டுநரையும் அவருக்குப் பின் அந்த நிலத்தை வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும்.